அணிலும் அய்யனாரும் ஒரே பட்டியலில்

தொல்காப்பியம் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வத்தில் தொடங்குகிறது. தொடங்கிய கையோடு உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று போய்க்கொண்டே இருக்கிறது. பட்டியலில் முதலிடம் தெய்வத்துக்கு உண்டு. பட்டியலுக்கு வெளியே தனி மேடை கிடையாது. பட்டியலுக்கும் முந்தியவை என்று அது ஒப்புக்கொள்வது நிலத்தையும் பொழுதையும் மட்டுமே. அவைதான் முதற்பொருள். பள்ளியில் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டுப் போகிறோம். இதிலிருக்கும் துணிச்சலைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மலையும் கூதிரும் யாமமும் கூடுகிற இடத்தில்தான் சேயோனும் வேங்கை மரமும் புலியும் சேர்ந்து விளைகின்றன என்பதல்லவா இதன் பொருள்? ஓரிடத்தின் மழையும் மண்ணும் வெப்பமும்தான் அங்கே எந்தச் செடி முளைக்கும், எந்த உயிர் தங்கும் என்று தீர்மானிக்கின்றன எனும் இன்றைய சூழலியலுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் சூழலியல் கூடவே இன்னொன்றும் சொல்கிறது: அந்த மழையும் வெப்பமும் என்றைக்கும் ஒரே நிலையில் நின்றதில்லை. இங்கேதான் சிக்கல். பக்தனுக்கும் காட்டைக் காக்க நினைப்பவனுக்கும் ஒரே கேள்வி எழுகிறது. ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றில் புனிதம் எங்கே தங்கும்? காப்பது என்றால் எதைக் காப்பது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலையில் வைத்து இதைப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து வெறுங்காற்றாகிவிடும். அடிவாரத்து ஊர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. ஸ்ரீவில்லிபுத்தூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே சில கிலோமீட்டருக்குள் மலை 1,500 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அந்தக் குறுகிய ஏற்றத்துக்குள் முட்காடு, இலையுதிர்காடு, பசுமைமாறாக் காடு, உயரத்தில் புல்வெளி என்று வேறு வேறு உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இந்த அடுக்குகளை அறுத்துக்கொண்டு ஓடைகள் இறங்குகின்றன. சுற்றிலும் காடு இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் மாசி, பங்குனியிலும் ஓடைக்கரையின் அடிமண்ணில் ஈரம் இருக்கும். நீர்மருதும் நாவலும் மாவும் அங்கே பச்சையாக நெருங்கி நிற்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் அப்படியோர் ஓடைக்கரையில் இருக்கிறது. செண்பகத்தோப்புப் பக்கம் காட்டழகர் கோவில் இருப்பதும் அப்படிப்பட்ட பள்ளத்தாக்கில்தான். இந்த மலையின் பெயரைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுவந்த சாம்பல் நிற அணில் வாழ்வதும் அதே பள்ளத்தாக்குகளில்தான். சாமியும் அணிலும் தண்ணீர் பார்த்து இடம்பிடித்தவர்கள். தொல்காப்பியப் பட்டியலுக்கு இதைவிடக் கண்கூடான உரை வேண்டியதில்லை.

அந்த அணிலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பூனையளவு உடம்பு. அதற்கு ஈடான நீளத்தில் வால். முதுகிலும் வாலிலும் நரையோடிய முடி. பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, வாலை எதிர்ப்பக்கம் எடைக்குத் தொங்கவிட்டு, முன்னங்கைகள் இரண்டாலும் காயைச் சுற்றிச் சுற்றிக் கொறிக்கும். தரைக்கு இறங்குவது அபூர்வம். இலையும் சுள்ளியும் வைத்துப் பந்துபோலக் கூடு கட்டும். பக்கத்து மரத்தின் கிளை எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆபத்து வந்தால் அந்த வழியாகத் தாவிவிடலாம். ஆக, இதற்குத் தனித்தனி மரங்கள் போதாது. மரத்துக்கு மரம் கிளை கோத்த தொடர்ச்சி வேண்டும். வறண்ட நாட்டில் அந்தத் தொடர்ச்சியைத் தருவது பெரும்பாலும் ஓடைக்கரைதான். சின்னாறிலும் காவிரிக் கரையோரக் காடுகளிலும்கூட இந்த இனம் ஆற்றை ஒட்டித்தான் வாழ்கிறது. இதே மலையில் மேலே, ஈரமான காட்டில், இதன் நெருங்கிய உறவான செம்பழுப்பு மலையணில் இருக்கிறது. கீழே சாம்பல், மேலே செம்பழுப்பு என்று பாகம் பிரித்துக் கொடுத்ததுபோலத் தோன்றும். ஆனால் கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே செம்பழுப்பு அணில் இல்லை. சாம்பல் அணிலின் இனம் அங்கே வறண்ட நிலத்திலும் இருக்கிறது, மழைக்காட்டிலும் இருக்கிறது, மத்திய மலைநாட்டிலும் இருக்கிறது; ஈர நிலத்தில் வாழ்பவை கருத்த உடம்போடு இருக்கின்றன. ஆகவே ஓடைக்கரை இந்த அணிலின் தலையெழுத்து ஆகாது. இங்கே இப்போதுள்ள மழை, இங்கே கூடியிருக்கும் மற்ற உயிர்கள், இங்கே நடந்த வரலாறு இவற்றில் விளைந்த ஏற்பாடு அது.

வரலாறு என்று சொன்னது அலங்காரத்துக்கு அல்ல. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமே இல்லாத பாக் நீரிணை அப்போது நடந்து கடக்கக்கூடிய தரை. ஒரே இனம் இன்று இரண்டு கரையிலும் இருப்பதற்கு அந்தத் தரைவழி நல்ல விளக்கம். காட்டின் கதையும் அப்படியே. ஆர். சுகுமாரும் உடன் பணியாற்றியவர்களும் நீலகிரியின் சதுப்புமண் படிவங்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை, 20,000 ஆண்டுத் தாவரக் கணக்கைத் தருகிறது. மரங்களும் ஒருவகைப் புற்களும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் முறை வேறு, வெப்ப நாட்டுப் புற்கள் பலவற்றின் முறை வேறு. மட்கிய பிறகும் அந்த வேறுபாடு மண்ணில் தங்கும். அதை அடுக்கடுக்காகப் படித்தபோது, வறண்ட காலங்களில் அந்த வெப்ப நாட்டுப் புற்கள் ஓங்கியதும், பருவமழை வலுத்தபோது அவை பின்வாங்கி மற்றவை ஏறியதும் தெரிந்தன. நீலகிரியில் நடந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் அதே அளவில், அதே தேதியில் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பருவமழை இரண்டுக்கும் பொது. ‘ஆதிக்காடு’ என்று நாம் பெருமூச்சு விடும் காட்டுக்கு ஒரு தேதி கேட்டால் பதில் வராது. எந்த ஆதி? புல் ஓங்கிய ஆதியா, மரம் ஓங்கிய ஆதியா?

இந்த இடத்தில் நம்பிக்கையாளர் ஒருவர் குறுக்கிடுவார். ஓடையும் மரமும் அணிலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருப்பதே படைத்தவன் ஒருவன் இருப்பதற்குச் சாட்சியில்லையா என்பார். பழைய வாதம், பலம் இல்லாததும் அல்ல. ஆனால் பொருத்தத்தை நாம் பார்ப்பது எஞ்சியவற்றில் மட்டும் என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. பொருந்தாதவை போய்ச்சேர்ந்துவிட்டன, அவற்றை எண்ண நம்மிடம் வழியில்லை. நோக்கத்தோடு வடித்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம், ராஜபாளையம் நாயே இருக்கிறது. வெள்ளை உடம்பு, நீண்ட கால், ரோஜா நிற மூக்கு என்று தலைமுறை தலைமுறையாக மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். 2005இல் தபால்தலையிலும் ஏறியது. வெள்ளையை விரும்பித் தேர்ந்ததோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. நோக்கம் உள்ள கைக்கு இப்படிச் சில தழும்புகள் உண்டு. மலையின் கையில் நோக்கம் தெரியவில்லை, ஆனால் அது விடும் அவகாசம் மிகப் பெரிது. இறைவன் இல்லை என்பதற்கு இது நிரூபணம் ஆகாது. இறைவன் இருந்தாலும் அணிலை இந்தக் கிளையில் உட்காரவைக்க மழையையும் காலத்தையும்தான் கையாண்டிருக்கிறான் என்பது மட்டும் தெரிகிறது.

அறிவியலுக்குள்ளேயே இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்கத் தாவரவியலாளர் பிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916இல், ஒரு நிலத்தின் தாவரக்கூட்டம் ஓர் உயிரைப் போலப் பிறந்து வளர்ந்து முதிர்கிறது, ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் இறுதி நிலை உண்டு என்றார். பத்து ஆண்டு கழித்து ஹென்றி கிளீசன் அதை மறுத்தார். ஒவ்வோர் இனமும் தன் தன் தேவைக்கேற்ப வந்து விழுகிறது. ஒரே இடத்தில் நிற்பதால் அவற்றைக் ‘கூட்டம்’ என்கிறோம், மற்றபடி பேருந்து நிலையத்தில் நிற்பவர்களுக்குள் உள்ள உறவுதான் அவற்றுக்குள்ளும் என்பது அவர் வாதத்தின் சாரம். பிற்காலத்தில் கிடைத்த மகரந்தச் சான்றுகள் பெரும்பாலும் கிளீசன் பக்கமே சாய்ந்தன: தட்பவெப்பம் மாறியபோது காடுகள் மொத்தமாக இடம்பெயரவில்லை; இனங்கள் தனித்தனியே, தனித்தனி வேகத்தில் நகர்ந்தன. அப்படியானால் ‘ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு’ என்ற ஒன்றே இல்லை, அதைக் காப்பதும் வணங்குவதும் வெறும் பிரமை என்று முடிக்கலாமா? முடிக்க முடியாது என்பது என் கட்சி. யாரும் ஒப்பந்தம் போட்டுச் சேரவில்லை என்பதாலேயே சேர்ந்தபின் உண்டாகும் பிணைப்பு பொய்யாகிவிடாது. நாவலும் மருதும் அணிலுக்காக அங்கே வரவில்லை. ஆனாலும் அவற்றின் கிளைகள் கோத்துக்கொண்ட பிறகுதான் அணிலுக்கு வாழ்வு. நடுவே இரண்டு மரத்தை வெட்டினால், வெட்டாத மரங்களும் அணிலைப் பொறுத்தவரை தீவாகிவிடுகின்றன. ஏ.ஜே.டி. ஜான்சிங்கும் ஜே. ஜோஷுவாவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, மனிதத் தலையீடுகள் இந்த அணிலின் வாழிடத்தை எப்படிப் பாதிக்கின்றன என்பதைப் பற்றியதுதான். கூட்டம் என்பது பொருளாக இல்லாமல் இருக்கலாம். நிலைமைகளின் கோப்பாக அது உண்மையிலேயே இருக்கிறது.

மாறுவது புனிதமாக இருக்க முடியாது என்ற எண்ணம் நமக்குள் எங்கிருந்தோ புகுந்துகொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் திவ்யதேசம், அதன் வைணவம் இராமானுசருடைய வழி. அந்தத் தத்துவத்தில் உயிருள்ளவையும் உயிரற்றவையும் இறைவனுக்கு உடம்பு. உடம்பாகிய சடப்பொருள் தன் இயல்பிலேயே மாறும். உள்ளிருந்து தாங்குபவன் மாறுவதில்லை. உலகம் மாறுகிறது என்பதால் அதை மாயை என்று தள்ளவேண்டியதில்லை, மாறாது என்று பொய் சொல்லவும் வேண்டியதில்லை. அத்வைதத்தோடு இராமானுசர் நடத்திய வழக்கின் மையமே இதுதான் என்றுகூடச் சொல்லலாம். இந்தத் தத்துவம் தெரியாதவர்களும் அந்த ஊர்க் கோவிலில் அதைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைத் தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு, மரவள்ளி இலையில் உடல், வாழைநாரில் கட்டு. மரவள்ளி தென்னமெரிக்கச் செடி, போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் வந்த பிறகு நம் பக்கம் வந்தது. அதற்கு முன் கிளிக்கு எந்த இலை உடலாக இருந்ததோ, யாருக்கும் அதனால் பக்தி குறையவில்லை. வாடியதை எடுத்துவிட்டு மறுநாள் வேறொன்றைச் செய்கிறார்கள், அதுவும் ஆண்டாள் கிளிதான். அந்தக் கிளியைக் கிளியாக வைத்திருப்பது எந்தக் குறிப்பிட்ட இலையும் இல்லை. செய்யும் முறையும் செய்யத் தவறாத கையும்தான்.

இங்கேதான் எதிராளி சிரிப்பார். சரி, எல்லாம் மாறும், மாறுவதில் குற்றமில்லை; அப்படியானால் ஓடைக்கரையை வெட்டித் தென்னை வைப்பதும் ஒரு மாற்றம், காடெங்கும் உண்ணிச்செடி பரவுவதும் ஒரு மாற்றம், மனிதனும் மழையைப் போல ஒரு சூழல் காரணி, அவனை மட்டும் ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்பார். இந்தக் கேள்விக்கு ‘அயல்செடி, நாட்டுச்செடி’ என்று பிரித்துப் பதில் சொல்வது எளிது. அந்தப் பதில் நிற்காது. இந்த அணில் விரும்பித் தின்னும் புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். வந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அடிவாரத் தோப்புகளில் உயர்ந்து, கிளை பரப்பி, அணிலுக்குச் சோறும் வீடும் ஆகிவிட்டது. பேயிருக்கும் என்று பயமுறுத்தவும் நமக்கு அதுதான் மரம். உண்ணிச்செடியும் அயல்தான், அமெரிக்க வெப்பநிலத்திலிருந்து பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆனால் அது புதராக மண்டித் தரைக்கு வெளிச்சம் விடுவதில்லை. நாற்று எழும்ப இடம் தருவதில்லை. கோடையில் தீயைக் கிளைமட்டத்துக்கு ஏற்றிவிடுகிறது. விருதுநகர் மாவட்டத்துக் கண்மாய்களில் சீமைக் கருவேலம் செய்வதும் இதற்குப் பங்காளி வேலை. எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். வந்தபின் ஈரத்தையும் வெளிச்சத்தையும் தீயையும் என்ன செய்கிறது, மற்றவை வந்து சேர வழி வைக்கிறதா அடைக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். வேகம் அடுத்த கேள்வி. பனியூழி விலகியபோது மரங்களும் உயிர்களும் தலைமுறை தலைமுறையாக நகர்ந்து புதுச் சேர்க்கைகளைக் கண்டுபிடித்துக்கொண்டன. மரம் அறுக்கும் யந்திரத்துக்கு ஒரு முற்பகல் போதும். மனிதனைத் தனியாகக் கூண்டில் ஏற்றுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது: காரணம் கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே காரணி அவன்தான். மழையைக் கேட்க முடியாது.

மனிதன் காரணி என்றால் அவன் பக்தியும் காரணிதான், அதை நல்ல கணக்கில் மட்டும் எழுதிவிட்டுத் தப்ப முடியாது. அய்யனார் கோவிலைச் சுற்றிய மரத்தில் கை வைத்தால் சாமி குத்தம் என்ற பயம் தமிழ்நாடு முழுக்கக் கோவில்காடுகளைக் காத்திருக்கிறது. வனத்துறை என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே காத்திருக்கிறது. ஓடையால் வந்த தெய்வம் திரும்ப ஓடையைக் காத்தது. தொல்காப்பியப் பட்டியல் ஒருவழிப் பாதை என்று நினைத்தால் இந்தச் சுழற்சி கண்ணில் படாது. ஆனால் அதே பக்தி இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் வேறு முகம் காட்டுகிறது. தாணிப்பாறையிலிருந்து ஏறும் அந்த மலைப்பாதையில் ஆடி அமாவாசைக்கு வரும் பெருங்கூட்டம், சித்தர் மூலிகைகள் விளையும் மலை என்று வணங்கிக்கொண்டே மூலிகையை மிதித்துப் போகிறது; பாலித்தீன் பைகளை விட்டுவிட்டுப் போகிறது. 2015இல் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் அனுமதி என்ற கட்டுப்பாடு நெடுநாள் நடைமுறையில் இருந்தது. அங்குள்ள சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்க நாள் குறிக்க அதிகாரிகள் யார் என்ற கோபம் பக்தர்களிடம் இருந்தது. கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வழிபாட்டை ஒழுங்குபடுத்துவதென்றால் அதிகாரிகளுக்கு ஒரு தனி உற்சாகம் வந்துவிடுகிறது என்பதும் உண்மை. என்றாலும் அந்த லிங்கத்தைச் சதுரகிரியில் வைத்துக் கும்பிடுவதற்குக் காரணமே அந்த மலையும் அதன் நீரும் தனிமையும்தான். அவற்றை அழித்துவிட்டுக் கும்பிட்டால் கும்பிடப்படுவது எது?

பெரியாழ்வார் நந்தவனம் வைத்தவர். ஆண்டாளைத் துளசிச் செடியடியில் கண்டெடுத்ததாக மரபு. நந்தவனம் தினமும் நீர் ஊற்றினால்தான் நந்தவனம். காடு அப்படியில்லை. நந்தவனத்துப் பக்தியைக் காட்டுக்கு அப்படியே கொண்டுபோனால் தவறாகிவிடும்: இன்ன செடி, இன்ன விலங்கு, இத்தனை எண்ணிக்கை என்று பட்டியல் போட்டு அதை நிலைநிறுத்துவதே காப்பு என்று ஆகிவிடும். இந்த மலையில் அரசு செய்ததிலும் அந்தச் சாயல் இருக்கிறது. 1988இல் ஓர் அணிலின் பெயரில் சரணாலயம், சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இரண்டும் நல்ல காரியம். ஓர் உயிரின் பெயரைச் சொன்னால்தான் நிதியும் சட்டமும் வருகின்றன என்பதும் தெரிந்ததே. ஆனால் அணிலோ புலியோ கருப்பொருள். வைகைக்கு நீர் தரும் வருசநாட்டு, மேகமலைச் சரிவுகளின் ஈரம் முதற்பொருள். கடமை முதலில் எதற்கு என்று கேட்டால், முதற்பொருளுக்கு என்பதே என் பதில்.

அப்படியானால் நிலைமை சரியாக இருந்தால் போதும், இந்த அணில் அழிந்தாலும் பரவாயில்லையா என்ற கடைசி மறுப்பு மீதமிருக்கிறது. பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஓர் இனம் ஒரு நிலத்தில் எத்தனையோ வறட்சிகளையும் மழைகளையும் தாண்டி எஞ்சியிருக்கிறது என்றால், அந்த நிலத்தின் நீண்ட கணக்கு அதன் உடம்பில் இருக்கிறது. அது போனால் அந்தக் கணக்கை வேறெங்கும் படிக்க முடியாது. ஆனால் அணிலை அணிலாக மட்டும் காக்கவும் முடியாது. கூண்டில் வைத்துப் பெருக்கினால் எண்ணிக்கை நிற்கும், கிளைக்குக் கிளை தாவும் உயிர் நிற்காது. இனி வரும் வெப்பத்தில் ஓடைகள் முன்கூட்டியே வற்றினால் இந்த அணில் மேலேறவோ பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போகவோ வேண்டியிருக்கும். அதற்கு வழி வேண்டும். அந்த வழியில் ஒரு பகுதி காப்பக எல்லைக்குள் இல்லை. அடிவாரத்தில் தனியாருக்குச் சொந்தமான மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறது. தேங்காயையும் மாங்காயையும் அணில் தின்றால் நட்டம் அந்த விவசாயிக்குத்தான், புண்ணியம் மட்டும் நமக்கு. அவர் ஒரு பழைய புளியமரத்தை வெட்டாமல் விடுவதற்கு ஊரோ அரசோ கோவிலோ என்ன தருகிறது என்ற பேச்சு எந்தப் புனித மலைப் பேச்சிலும் வருவதில்லை. ஓடைக்குள் பாறைமேல் நிற்கும் மருதமரத்தைப் பற்றிப் பேசுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது, அதற்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்பதால்.